காய்க்கும் மரத்தின் சந்தோஷம்

லத்தீன் மொழியில் சந்தோஷமாக இருப்பவனைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது: ஃபெலிக்ஸ். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. லத்தீன் எனக்குத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற லயத்துக்கு, எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ரோமாபுரியின் சொல் ஒன்று வந்து என்னைப் பிடித்து ஆட்டியது என்றால் சிரிப்பீர்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு வந்தது கோபம்தான்.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். கொழும்பில் ஒரு சின்னப் பதிப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறது. அவர்கள் அனுப்புவதை வீட்டிலிருந்தே செய்து கொடுத்துவந்தேன். வீட்டிலிருந்து என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், சிக்னல் கிடையாது. லயத்துக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயில் படிக்கட்டில், மூன்றாம் படியில் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாள் என்று ஒரு புகார்கூட எழுந்தது. “ஆத்தாளுக்கு சிக்னல் தேவையில்ல, இந்தப் புள்ளைக்குத்தான் தேவை” என்று பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு மொழியிலும் சந்தோஷத்துக்கு என்ன பெயர், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சின்னப் புத்தகம் அது. லத்தீன் அத்தியாயத்தை அந்தப் படியில் உட்கார்ந்துதான் திறந்தேன். ஃபெலிக்ஸ் என்றால் முதலில் சந்தோஷம் இல்லையாம். காய்க்கிற, பலன் தருகிற என்பதுதான் அதன் ஆதிப் பொருள். அதற்கும் அடியில் தோண்டினால், பால் குடிப்பதையும் கொடுப்பதையும் குறிக்கும் ஒரு வேர் கிடைக்கிறது என்கிறார்கள். பழம் தருகிற மரம் ஃபெலிக்ஸ். தராத மரம் இன்ஃபெலிக்ஸ். மரத்துக்குச் சொன்னதை நாளடைவில் அதிர்ஷ்டக்காரனுக்கும் சொல்லி, பிறகு சந்தோஷமாக இருப்பவனுக்கும் சொன்னார்கள். அதிலிருந்தே ஃபெலிசிட்டாஸ் என்று ஒரு தேவதையை உண்டாக்கி, கையில் பழம் வழியும் கொம்பைக் கொடுத்து, நாணயத்தில் பொறித்தார்கள். காய்க்காத மரத்துக்கு என்ன மரியாதை? பெருங்குற்றம் செய்தவனைத் தொங்கவிட அந்த மரத்தைத்தான் தேடினார்களாம்.

இதை வாசித்தபோது நான் கொழுந்தெடுக்கப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தேயிலைச் சாயம் விரல் வெடிப்புகளில் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அந்த விரலால் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டு, காய்க்கும் மரமே சந்தோஷமான மரம் என்று தமிழில் எழுதினேன். எழுதிவிட்டு, அப்படியா, அந்த மரத்தைக் கேட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் கொழுந்தெடுக்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எனக்கு முப்பத்திநாலு வயது. கல்யாணம் கூடிவராமலே தள்ளிப் போய், பிறகு நானே அதை மறந்துபோயிருந்தேன். அப்பா இறந்து பல வருஷம். அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு வயது முடிந்து வேலையிலிருந்து நிற்பாட்டுகிற மாதமும், பதிப்பகம் எனக்கு நிரந்தர வேலை தருகிறோம் கொழும்புக்கு வா என்று எழுதிய மாதமும் ஒன்றாக வந்தன. எத்தனையோ வருஷம் காத்திருந்த கடிதம் அது. மேசை, நாற்காலி, என் பெயர் அச்சாகும் புத்தகம், காற்றடித்தால் அறுந்துபோகாத சிக்னல். கோயில் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த மாதம் முதலாம் திகதி வந்துவிடுகிறேன் என்று அங்கிருந்தே பதில் போட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. காம்பராவில் குடியிருக்க வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய பேராவது செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவில், இருக்க வேண்டும். அம்மாவின் பேரை வெட்டினால் வேறொரு பேர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காம்பரா கைமாறும். வயது போனவர்களைக் கை குறைந்த நாளில் கூப்பிட்டு வேலை வாங்குவார்கள். ஆனால் அந்த வேலைக்கு வீடு கிடையாது. இது எனக்குத் தெரியாததல்ல. கொழும்பில் ஒரு அறை எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று என் மனக்கணக்கு. அதை அம்மாவிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். நான் செய்த முதல் பிழை அது.

ஒரு நாள் பின்னேரம் அம்மா தோட்ட ஆபீசிலிருந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பொட்டலம் லட்டு. பெரிய கிளாக்கருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

“எல்லாம் முடிச்சிட்டேன் புள்ள. இனி ஒரு பயமும் இல்ல. ஒம் பேரப் போட்டுட்டேன்.”

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடின. லட்டுப் பொட்டலம் அடுப்படிக்குப் போய் விழுந்தது. என்னைக் கேட்டீர்களா, படிக்கவைத்தது இதற்கா, கொழுந்துக்கூடையைத் தலையில் கட்டிவிடத்தான் இத்தனை நாளும் காத்திருந்தீர்களா என்று லயமே கேட்கக் கத்தினேன். அம்மா இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் நான் மூடவைத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அப்பா சொல்வார். அன்றைக்கு அது நுனியையும் தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் காலையில், அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போய் நின்றேன். ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம் அது. வீம்புக்குத்தான் போனேன். ஒரு நாள் நான் படுகிற பாட்டைப் பார்த்தால் அம்மாவுக்கே சுடும், தானே போய்ப் பேரை வெட்டிவிட்டு வருவார் என்று நினைத்தேன். அம்மா வாசலில் நின்று “ஏய், நில்லு புள்ள” என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ஒரு வாரமானது. வாரம் மூன்றானது. அம்மாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சோறு போட்டு மூடி வைப்பார், நான் எடுத்துச் சாப்பிடுவேன். பத்தடிக்குப் பத்தடிக் காம்பராவில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டும். பதிப்பகத்துக்கு வீட்டில் பிரச்சினை என்று எழுதினேன். பொறுப்பில் இருந்த அம்மையார் நல்லவர். இரண்டு மாதம் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது மிஸ் என்றார். அதுவரை செய்து தரச் சொல்லித்தான் அந்தச் சந்தோஷப் புத்தகத்தை அனுப்பினார்.

மலையில் பெண்கள் என்னைக் கொழும்பு மிஸ் என்று கூப்பிட்டார்கள். அட்டை ஏறினால் கத்துவேன், எல்லோரும் சிரிப்பார்கள். என் கை இரண்டு இலை ஒரு மொட்டு பார்த்து ஒடிப்பதற்குள் பக்கத்து நிரைக்காரி பத்தடி முன்னால் போயிருப்பார். கேலி ஒன்றும் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது அவர்கள் சொன்ன நல்ல வார்த்தை.

“மகராசி. அம்மாவுக்காகப் படிப்பத் தூக்கி வச்சிட்டு வந்துருக்கு பாருங்க.”

“அவங்க அம்மா குடுத்து வச்சவங்க.”

தமிழில் பாக்கியசாலிக்கு இப்படி ஒரு சொல் இருப்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. எப்போதோ எதையோ கொடுத்து வைத்திருந்தால்தான் இப்போது நன்றாக இருக்க முடியும் என்கிறோம். ரோமாபுரிக்காரனும் சுற்றி வளைத்து அங்கேதான் வருகிறான். கொடுக்கிற மரம் நல்ல மரம். அவன் சந்தோஷமான மரம் என்று சொன்னபோது சந்தோஷப்பட்டது மரம் இல்லை, கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றவன். மகராசி என்று என்னைச் சொன்னபோதும் அதேதான் நடந்தது. நான் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தேன், பார்த்தவர்களுக்கு மனம் குளிர்ந்தது. எனக்கு மூச்சு முட்டியது. நாலு பக்கமும் பச்சை, மேலே மூடுபனி, கீழே நீர்த்தேக்கம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்த நிரை. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஓட வழி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நம்பர் மலையின் ஓரத்தில் கைவிட்ட துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. ஆள் போதாமல் பல வருஷம் கத்தி படாமல் கிடந்த இடம். அங்கே தேயிலை எங்கள் இடுப்பளவில் நிற்கவில்லை. இரண்டாள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து நின்றது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கிட்டப் போனால் ஒரு மெல்லிய வாசனை. கிளையெல்லாம் உருண்டை உருண்டையாகக் காய். தேயிலை மரம் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து அதைச் செடியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். பூக்க நினைக்கும் முன் கிள்ளுகிறோம், நிமிர நினைக்கும் முன் கவ்வாத்து வெட்டுகிறோம். காய்க்கவிட்டால் கொழுந்து வராது.

“இது என்னாங்க அக்கா, இவ்வளவு அழகா இருக்கு?” என்றேன் பக்கத்து நிரைக்காரியிடம்.

“அதுவா? வீணாப் போன மலை புள்ள. காடாப் போச்சு.”

மதியம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ரோமாபுரி கணக்குப்படி இந்த மலைநாட்டில் இது ஒன்றுதான் சந்தோஷமான மரம். எங்கள் கணக்குப்படி இது ஒன்றுதான் வீணாய்ப் போனது. எனக்கும் அப்படி வீணாய்ப் போக வேண்டும் போல் இருந்தது. யாருக்கும் உதவாமல், என் இஷ்டத்துக்குக் காடாகப் போக வேண்டும். இப்படி ஆசைப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். ஆசையை விடவும் இல்லை.

ஐந்தாவது வாரம் எனக்குக் காய்ச்சல். மழையில் நனைந்த உடம்பு, பாயிலிருந்து எழ முடியவில்லை. கண்ணை விழித்தபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. சுவரில் கூடை இல்லை. அம்மாவும் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பெரட்டுல ஒம் பேரக் கூப்புட்டாங்க, அம்மா கையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

பின்னேரம் அம்மா வந்தார். தலையிலிருந்து கூடையை இறக்கி, இடுப்புச் சாக்கை அவிழ்த்து உதறினார். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினேன்.

“கண்டாக்கையா ஒண்ணும் சொல்லலயா?” தோட்டத்தில் எங்கள் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர்.

“அவரு என்னா சொல்லப்போறாரு. அவருகிட்ட பேசித்தான வச்சிருந்தேன். ஆளு இல்லாம அல்லாடுறாரு, கூடையில கொழுந்து விழுந்தா சரின்னுட்டாரு.”

“எப்ப பேசுனீங்க?”

“ஒம் பேரப் போட்ட அன்னைக்கே.” அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆபீசுல பேரத்தான கேட்டாங்க, ஆளையா கேட்டாங்க? ஒம் பேருல நான் எடுக்குறேன், நீ ஒம் பாட்டுக்குக் கொழும்புக்குப் போன்னு சொல்ல வந்தேன். நீ எங்க என்னையப் பேச விட்ட? லட்டத் தூக்கி எறிஞ்சிட்டு மறுநாளு கூடையத் தூக்கிட்டு ஓடுற. சரி, கோவம் அடங்கட்டும்னு இருந்தேன். ஒனக்கு எங்க அடங்குது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஐந்து வாரம் பூட்டியிருந்த கதவை நானே உள்ளே நின்று இழுத்துப் பிடித்திருக்கிறேன். பிறகுதான் அம்மா சொன்னதன் முழு அர்த்தமும் ஏறியது. வயது போய்விட்டது என்று தோட்டமே நிற்பாட்டிய உடம்பு, என் பேரைச் சொல்லிக்கொண்டு மறுபடியும் மலையேறப் போகிறது. என் வயதுக்காரியின் பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தை அந்தக் கை எடுக்க வேண்டும்.

“வேணாம்மா. காம்பரா போனாப் போகட்டும். நீங்களும் கொழும்புக்கு வாங்க.”

“அங்க வந்து செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? ஒங்கப்பாவ இங்க மேல பொதைச்சிருக்கு. அதவிடு. இந்தக் காம்பரா போச்சுன்னா, நாளைக்கி ஒன்னைய அந்த ஆபீசுல வேணான்னா நீ எங்க வந்து நிப்ப?”

நான் மூன்று நாள் வாதாடினேன். அம்மா ஒரே பதிலைத்தான் வேறு வேறு பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னார். நான்காம் நாள் நான் வாதாடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் தோற்கவேண்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஹட்டனில் ரயிலேறினேன். அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை நாள்.

இப்போது எனக்கு மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. ஜன்னல் இல்லாத ஒரு போர்டிங் அறையும் இருக்கிறது. காலை ஆறரைக்கு அலாரம் வைக்காமலே விழிப்பு வந்துவிடும். அது பெரட்டு நேரம். அங்கே என் பேரைக் கூப்பிடுவார்கள், ஒரு கை உயரும். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராது. படுத்துக்கொண்டே முகட்டைப் பார்த்திருப்பேன். லயத்தில் இருந்தபோது தப்பி ஓட ஒரு வழியாவது தேடிக்கொண்டிருந்தேன். இங்கே தேடுவதற்கும் எதுவுமில்லை. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

சந்தோஷப் புத்தகம் அச்சாகி வந்தது. லத்தீன் அத்தியாயத்தில், மூலத்தில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்திருந்தேன், மரத்தை யாரும் கேட்கவில்லை என்று. பொறுப்பாளர் அம்மையார் அதை வெட்டிவிட்டார். பிள்ளைகளுக்கான புத்தகம் மிஸ், என்றார். அவர் செய்தது சரிதான்.

அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். தினமும் வேலை முடிந்து கோயில் படிக்கு ஏறிவந்து என்னை அழைப்பார். முதல் நாளே, என்னம்மா வேலைக்குப் போனீங்களா என்று கேட்டதற்கு, “நான் எங்க போனேன்? நீதான் போன. பதினாறு கிலோ எடுத்த” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவே எங்கள் விளையாட்டாகிப் போனது.

“இன்னைக்கி எப்பிடிம்மா எடுத்தேன்?”

“சுமாருதான். முத்தல எல்லாம் சேத்துப் பிச்சிருந்த. கண்டாக்கையா ஒன்னையத் திட்டுனாரு.”

“நல்லா வேணும் எனக்கு.”

“இன்னைக்கி நீ ரொட்டி எடுத்துட்டுப் போக மறந்துட்ட. அக்காதான் பாதி குடுத்துச்சு.”

மழை மாதம் தொடங்கியபோது விளையாட்டில் சில நாட்கள் ஓட்டை விழுந்தது. ஒரு நாள், நேற்று நீ வேலைக்குப் போகவில்லை, உனக்கு இருமல் என்றார். யாருக்கு இருமல் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். லீவு போட்டு வருகிறேன் என்றால், எதுக்கு, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ நல்லா வேலை செய்யுற என்பார்.

போன வியாழக்கிழமை போன் வர நேரமாகிவிட்டது. இரண்டு முறை நானே அழைத்தேன், பதில் இல்லை. மூன்றாம் முறை அம்மா எடுத்தபோது மூச்சு வாங்கியது.

“படி ஏற நேரமாயிருச்சு புள்ள.”

“ஏம்மா?”

“இன்னைக்கி நீ விழுந்துட்ட.”

“எங்கம்மா?” என்றேன்.

“பள்ளத்து மலையில. மழைக்கு வழுக்கிருச்சு. கூடையோட ரெண்டு நிரை கீழ போயிட்ட.”

“அடி பட்டிச்சா?”

“ஒனக்கு முட்டியில வீக்கம். தோட்டத்து டிஸ்பென்சரில மருந்து போட்டு, ஒம் பேரத்தான் சீட்டுல எழுதுனாங்க.”

“அம்மா, நாளைக்கிப் போகாதீங்க. நான் வாறேன்.”

“மூணு நாளு சேந்தாப்புல போகாட்டி ஒம் பேர வெட்டிருவாங்க. நீ வந்து என்னா செய்யப்போற? ஒன்னைய நான் பாத்துக்குறேன். எனக்கு ஒண்ணுமில்ல. நீ சாப்புட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன்.